ஒரு முத்திரை போதும்

காகிதங்களை மறுபடியும் அவன் பக்கம் தள்ளினாள்.

தோகுஜி கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். தண்ணீரில் சோயாக்கட்டி அள்ளும் டோஃபு கடைக்காரனின் கை. எந்நேரமும் ஈரம்.

காகிதங்கள் இரண்டு. ஒன்று, அவன் மனைவி ஷினோவின் மீது போலீசுக்குப் புகார். மற்றது, அவளை விலக்கிவிட விவாகரத்து மனு. இரண்டையும் எழுதி வாங்கி வந்தவள் இவள்தான்.

ஷினோ ஓடிப்போனது இவளுடைய கணவனோடு.

பன்னிரண்டு நாளாகிறது. கனசாவா நகரம் முழுக்கத் தெரியும். பத்திரிகையில்கூட வந்துவிட்டது.

ஆனால் இவள் புகார் கொடுக்க முடியாது. ஜப்பானில் அன்றைய சட்டம் அப்படி. புருஷன் ஊர் மேய்ந்தால் மனைவி வாயை மூடிக்கொள்ள வேண்டும். மனைவி போனால் அவளுடைய புருஷன் புகார் கொடுக்கலாம். ஓடிய இருவரும் உள்ளே போவார்கள். அதற்கு முதலில் அவளை அவன் விலக்க வேண்டும்.

தன் கணவனும் சிறைக்குப் போவான் என்று இவளுக்குத் தெரியும்.

போகட்டும். அங்கே ஆணுக்குத் தனிக் கட்டடம், பெண்ணுக்குத் தனிக் கட்டடம்.

அது போதும்.

இவள் கணவன் புகைப்படக்காரன். ஷினோவைப் பதினோரு படம் எடுத்திருந்தான். அலமாரியைக் குடைந்து எண்ணிப் பார்த்தாள். இவளை எடுத்தது ஒன்றே ஒன்று. கல்யாணத்தன்று. அதில் இவள் கண் மூடியிருந்தது.

"முத்திரையை வையுங்கள். உங்களுக்கு ரோஷமே கிடையாதா?"

கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் தன் பெயர் முத்திரையைத் தோகுஜி கையில் எடுத்தான். வைக்கவில்லை.

"சிறையில் ரொம்பக் குளிருமோ?"

இவள் காகிதங்களை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் நகர்த்தினாள்.

"அவளுக்குக் குளிர் ஆகாது. விரலெல்லாம் வெடித்துவிடும்."

இவள் பனியில் ஒரு மணி நேரம் நடந்து வந்திருந்தாள். காலுறை நனைந்து ஒட்டிக் கிடந்தது. கணப்புச் சட்டி அவன் பக்கமே இருந்தது.

ஷினோவுக்குப் பல்கூடக் கோணல்.

தன் கணவன்தான் அவளிடம் மயங்கினான் என்றால், இவனுமா?

"வந்துவிடுவாள்," என்றான். "முன்பக்கம் வர வெட்கப்படுவாள். அதனால் ராத்திரியில் பின்கதவைத் தாழிடுவதில்லை." கொஞ்சம் சிரித்தான். "இதுவரை மூன்று தடவை பூனைதான் வந்தது."

கடையில் யாரோ கூப்பிட்டார்கள். முத்திரையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போனான்.

"பத்திரிகையில் பெயர் வந்துவிட்டதே தோகுஜி! இனி டோஃபு விலையை ஏற்றிவிடுவாயோ?" வாடிக்கைக்காரி ஒருத்தியின் குரல்.

அவனும் சேர்ந்து சிரித்தான்.

இவள் காகிதங்களை மடித்துத் துணியில் சுற்றினாள். எழுந்தாள். சமையலறையைக் கடந்து பின்னால் போனாள்.

பின்கதவில் மரத்தாழ்ப்பாள். ஈரத்தில் ஊறி உப்பியிருந்தது. இரண்டு கையாலும் தள்ளித் தாழிட வேண்டியிருந்தது.

பிறகு முன்பக்கம் வந்தாள். அவன் முன்னால் குனிந்து வணங்கினாள்.

"உங்கள் மனைவி சீக்கிரம் வந்துவிடட்டும்."

அவனும் குனிந்தான்.

இவளைவிட ஆழமாக.