வாளி பொங்கவிட்ட நுரை

மாடித்தோட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி, மக்கிய உரத்தையும் வெல்லத்தையும் தண்ணீரில் கரைத்துக் கத்தரிச்செடிக்கு ஊட்டக் கரைசல் தயாரித்தது. மீன்தொட்டியிலிருந்து இரவல் வந்த மோட்டார் அதற்குள் காற்று ஊதியது.

மறுநாள் நுரை பொங்கியது. நல்ல மண்வாசனை.

"போதும், ஊத்து! என் வேரடியில நுண்ணுயிரெல்லாம் பட்டினி கிடக்குது," என்றது செடி.

"எனக்கும் நேரமாச்சு. அங்கே மீனுங்க மூச்சுத் திணறுது," என்றது மோட்டார்.

"அவசரப்படாதீங்கப்பா! இன்னும் ஒரு நாள். அப்புறம் பாருங்க என் நுரையை!" என்றது வாளி.

மோட்டார் கிளம்பிவிட்டது.

விடிந்ததும், காற்றில்லாமல் உள்ளிருந்த நல்ல நுண்ணுயிரெல்லாம் செத்து, கரைசல் சாக்கடையாக நாறியது. செடி இலையால் முகத்தைப் பொத்திக்கொண்டது.

"எல்லாம் அந்த மோட்டாரால வந்தது," என்றது வாளி. "இன்னும் ஒரே ஒரு நாள் இருந்திருந்தா, பிரமாதமா வந்திருக்கும்!"