வாயைத் திறந்தால்

"பல்லுக்குக் கம்பி வேண்டவே வேண்டாம் டாக்டர். வெளியே தெரியாத அந்தக் கண்ணாடி மாதிரி உறையையே போட்டுடுங்க" என்றார் மேனேஜர், சிகிச்சை நாற்காலியில் சாய்ந்தபடி.

"ரெண்டுலயும் உங்க பல் நேராகும். ஆனா சாப்பிடும்போது உறையைக் கழற்றிட்டு, மறக்காம திரும்ப மாட்டணும்" என்றார், மாஸ்க்கும் கையுறையுமாக நின்ற பல் மருத்துவர்.

பக்கத்தில் இருந்த மேனேஜரின் மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இவரா? போன வாரம் இவர் மூக்குக்கண்ணாடியை ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்தேன் டாக்டர்!"

"நீ சும்மா இரு. புரமோஷன் வந்தாச்சு. இனிமே தினம் கூட்டத்துக்கு முன்னாடி நின்னு பேசணும். வாயைத் திறந்தா கம்பி தெரிஞ்சா, எவன் என் பேச்சைக் கேட்பான்?"

"போன மாசம் உங்க ஆபீஸுக்கு வந்து பல் பராமரிப்பு பத்திப் பேசினேனே, எப்படி இருந்துச்சு சார்?" என்று கேட்டார் மருத்துவர்.

"பிரமாதம்! மொத்த ஹாலும் அசையாம கேட்டோமே. அதனாலதானே உங்களைத் தேடி வந்தேன்."

மருத்துவர் மாஸ்க்கை இறக்கிச் சிரித்தார். மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டிலும் கம்பி மின்னியது.

"அன்னிக்கும் இது...?"

"இருந்துச்சு சார். போட்டு ஒரு வருஷமாச்சு."

மேனேஜர் மனைவியைப் பார்த்தார். பிறகு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"கம்பியே போடுங்க டாக்டர். நல்லா பளபளன்னு இருக்கட்டும்!" என்று வாயை அகலத் திறந்தார்.