அந்த ஒரு பூஜ்யம்

"யாரு போட்டது அந்தப் பூஜ்யம்? தைரியம் இருந்தா கையைத் தூக்குங்க!"

சின்ன மருமகள் மேஜையில் அடித்த அடியில் டம்ளர்கள் ஒருமுறை குதித்து அடங்கின. யாரும் கையைத் தூக்கவில்லை.

"பொறும்மா. இன்னும் படிச்சே முடிக்கல" என்றார் மாமனார்.

"இனிமே படிக்க என்ன இருக்கு மாமா? ஒன்பது, ஒன்பது, எட்டுன்னு வந்துக்கிட்டிருந்தது. கடைசிச் சீட்டுல வெச்சுட்டாங்களே கொள்ளி!"

அவள் கோபப்பட்டதில் தப்பே இல்லை. முன்னால் கடை, பின்னால் பீர் காய்ச்சும் கூடம் என்று குடும்பமே சேர்ந்து நடத்தும் தொழில். கடையில் பீர் பிடித்துக் கொடுக்க மூன்று குழாய்கள். மூன்றாவது குழாய்க்குப் புதிதாக ஒரு பீர் வேண்டும் என்று மாமனார் சொன்னதும், மருமகள்கள் இருவரும் ஆளுக்கொன்று காய்ச்சினார்கள். ஜெயிக்கிறவள் இனி காய்ச்சுவாள், தோற்றவள் தொட்டி கழுவுவாள் என்பது பேச்சு. சின்னவள் ஏற்கெனவே நாலு வருஷமாகத் தொட்டிதான் கழுவிக்கொண்டிருந்தாள். இந்தப் பீருக்காக மூன்று மாதம் சரியாகத் தூங்கக்கூட இல்லை.

ருசி பார்ப்பதற்கு மாமனார் ஒரு முறை வைத்திருந்தார். பக்கத்து அறையில் அவரே ஊற்றி, நிறம் தெரியாதபடி எவர்சில்வர் டம்ளர்களில் ஒன்று, இரண்டு என்று நம்பர் ஒட்டிக் கொண்டுவருவார். எந்த நம்பர் யாருடையது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு மகன்களும் இரண்டு மருமகள்களும் குடித்துப் பார்த்து, பேர் போடாத சீட்டில் பத்துக்கு இத்தனை என்று எழுதித் தர வேண்டும். கெட்டுப்போன சரக்கு என்று பட்டால் மட்டும் பூஜ்யம். ஒரே ஒரு பூஜ்யம் விழுந்தாலும் அந்தப் பீர் சாக்கடைக்குத்தான் போகும். எப்போதோ புளித்த சரக்கை விற்றுச் சூடு கண்டவர் அவர். அதனால் இந்த விஷயத்தில் அப்பீலே கிடையாது. இன்று முதல் சீட்டுக் கட்டை 'சின்னவளோடது' என்று மட்டும் சொல்லிப் படித்திருந்தார்.

"குடிக்கும்போது எல்லாரும் நல்லாத்தானே பேசினீங்க?" சின்னவள் கணவனின் அண்ணன் என்றும் பாராமல் மூத்தவர் பக்கம் திரும்பினாள். "நீங்கதானே அத்தான் சொன்னீங்க, 'ரெண்டாவது டம்ளர் நாக்குல கசந்தாலும், முழுங்கினப்புறம் பழத்தோல் வாசனை தூக்கலா வருது'ன்னு?"

"ஆமா. 'முதல் டம்ளர் கொஞ்சம் லேசு, அதுலயும் பழத்தோல் வாசனை'ன்னு சேர்த்துத்தானே சொன்னேன்?" என்றார் அவர் பாவமாக.

அங்கேதான் சின்னவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. ஆரஞ்சுத் தோலைக் காயவைத்துப் போடுவது அவள் யோசனை. அதைப் பார்த்துவிட்டு மறுநாளே எலுமிச்சம்பழத் தோலோடு வந்து நின்றவள் பெரியவள். கேட்டதற்கு, "தோலுக்கு நீ என்ன பட்டாவா வாங்கி வெச்சிருக்கே?" என்று சிரித்தாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை உப்பு, புளி அளவோடு சரி.

"அக்கா, நேராவே கேக்கறேன். நீங்கதானே?"

"வாயை அளந்து பேசு" என்றாள் பெரியவள். "எது உன்னோடதுன்னே எனக்குக் கண்டுபிடிக்க முடியல. ரெண்டுல எதுக்குமே எட்டுக்குக் கீழ நான் போடல."

"நம்பிட்டேன்! காப்பியடிக்கத் தெரிஞ்ச உங்களுக்குக் கவுக்கத் தெரியாதாக்கும்?"

"ஏய், விடு" என்று அவள் கணவன் கையைப் பிடித்தான். "ரெண்டுமே நல்லாருந்ததுன்னு நான் ரெண்டுக்கும் ஒன்பது போட்டேன்."

"உங்களை யாரு கேட்டா? பொண்டாட்டி பீர் எதுன்னுகூடத் தெரியாத மனுஷன்!" கையை உதறினாள். அழுதுவிடக் கூடாது என்பதற்காகவே குரலை இன்னும் உயர்த்தினாள். "மாமா, அந்தச் சீட்டைக் குடுங்க. கையெழுத்தைப் பார்த்தா யாருன்னு தெரிஞ்சிடும்."

"பூஜ்யத்துல என்னம்மா கையெழுத்து? யாரு போட்டாலும் உருண்டைதான்." அவர் சீட்டுகளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கெட்டுப்போகாத சரக்கைக் கெட்டுப்போச்சுன்னு எழுத எப்படி மனசு வந்தது? கூட உக்காந்து சாப்பிடற ஒருத்தி மூணு மாசம் பட்ட பாட்டை ஒரு சுழியில சுழிச்சுட்டாங்களே! அந்தக் கை விளங்குமா? நல்லாவே இருக்காது, பாருங்க!"

"சாபமெல்லாம் எதுக்கு?" என்றாள் பெரியவள். அவள் முகமும் சிவந்துவிட்டது. "என்னைச் சொல்றதா இருந்தா நேரா என் பேரைச் சொல்லு. நான் செய்யாததுக்கு நான் ஏன் பயப்படணும்?"

"ரொம்பத் துள்ளாதீங்க. உங்க பீருக்கு விழுந்த சீட்டை இன்னும் படிக்கல." சின்னவள் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள். அவ்வளவு கோபத்திலும் உதட்டோரம் ஒரு திருப்தி தெரிந்தது. "படிங்க மாமா. அக்காவோடதுக்கும் என்ன விழுந்திருக்குன்னு எல்லாரும் கேக்கட்டும். என்னோடது சாக்கடைக்குப் போனா, அதுவும் கூடவே போகட்டும்."

மாமனார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடுத்த கட்டை எடுத்தார்.

"ரெண்டாம் நம்பர், பெரியவளோடது. ஒன்பது... எட்டு... ஏழு..." கடைசிச் சீட்டைப் பிரித்தவர் புருவத்தை உயர்த்தினார். "அடேயப்பா, பத்துக்குப் பத்து!"

"சரியாப் பாருங்க மாமா" என்றாள் சின்னவள். குரல் திடீரென்று இறங்கியிருந்தது. "அதுல... பூஜ்யம் ஒண்ணும் இல்லையா?"

"இல்லையேம்மா. இன்னிக்கு மொத்தத்துல விழுந்தது ஒரே பூஜ்யம்தான். அது ஒண்ணாம் நம்பருக்கு, உன்னோடதுக்கு."

சின்னவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒன்றாம் நம்பரை ஒரு வாய் குடித்ததுமே 'இது அக்காவோட எலுமிச்சைதான்' என்று அடித்துச் சத்தியம் செய்யாத குறையாக நம்பி, பென்சில் முனை ஒடிகிற அளவுக்கு அழுத்திப் பூஜ்யம் போட்டவள் அவள்தான்.