வாத்து கொண்டு வந்த செருப்பு

லீவு முடிந்த முதல் நாள். பள்ளி நூலகத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு விடுமுறைக் கதை சொன்னார்கள். கடைசியாக எழுந்தாள் ரெட்டைச்சடைக்காரி.

“ஏரிக்கரையில எங்க மாமா வீட்டுக்குப் போனேன் மிஸ். படகுல ஏறும்போது ஒரு செருப்பு தண்ணியில விழுந்துடுச்சு...”

“மறுநாள் ஒரு வாத்து அதைக் கவ்விட்டு வந்து குடுத்துச்சு, இல்ல?” என்றார் நூலகர்.

சிறுமியின் முகம் வெளிறியது. மணி அடித்து மற்றவர்கள் போனதும் மெல்ல அருகில் வந்தாள்.

“நான் எங்கேயும் போகல மிஸ். இந்தக் கதை கீழ்த்தட்டுல, அட்டை கிழிஞ்ச பழைய விடுமுறைக் கதை நோட்டுல இருந்துச்சு. நீங்களும் படிச்சீங்களா?”

“சின்ன வயசுல இதே ஸ்கூல்ல படிச்சப்போ அதை எழுதினதே நான்தான்டி.”

“அப்போ உங்க மாமா வீடு ஏரிக்கரையிலயா?”

“எனக்கு மாமாவே கிடையாது” என்று சிரித்தார் நூலகர். “செருப்பு தொலைஞ்சது மட்டும்தான் நிஜம். ஒத்தைச் செருப்போட லீவுக்கு எங்க போறது, சொல்லு?”