ஆறு மணி ரயிலுக்கு முன்

"போன வருஷமும் இப்படித்தான் வீராப்பா கிளம்பின. பள்ளிக்கூட கேட் வரைக்கும் வந்துட்டு, வயிறு வலிக்குதுன்னு திரும்பினது யாராம்?"

"இந்தத் தடவை வயித்தைக் கழட்டி வெச்சுட்டு வந்திருக்கேன். நட" என்றாள் மாரித்.

தோவே சிரித்தாள். அவள் விட்ட மூச்சு கழுத்தில் சுற்றியிருந்த கம்பளியில் பட்டு வெள்ளையாக உறைந்தது. பிற்பகல்தான். ஆனால் நார்வேயின் ட்ரான்ஹைம் நகரத்தில் அதற்குள் தெருவிளக்குகள் எரிந்தன. ஆற்றங்கரை நடைபாதையில் உறைபனி மேல் கல்பொடி தூவியிருந்தும் கால் வழுக்கியது. இருவரும் காலை ரயிலில் வந்தவர்கள். மாலை ஆறு மணி ரயிலைப் பிடித்தாக வேண்டும்.

இன்று லூசியா நாள், டிசம்பர் மாத விளக்குத் திருநாள். மாரித்தின் மகள் தீரில் இந்த ஊரில்தான், அப்பா எஸ்பெனோடு இருக்கிறாள். ஏழு வயது. அவளுடைய பள்ளியில் பிள்ளைகள் வெள்ளை அங்கியும் தலையில் ஜிகினாவுமாக, கையில் விளக்கேந்திப் பாடி வருவார்கள். மாரித் மகளை நேரில் பார்த்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது.

"தூரத்துல நின்னு பாத்துட்டு வந்துடலாமே" என்றாள் தோவே. "திடீர்னு எதிர்ல போய் நின்னா, சின்னப் பொண்ணு, மிரண்டுடப் போறா."

"எஸ்பென் சரின்னு சொல்லிட்டான். தீரில்கிட்டயும் நான் வர்றதைச் சொல்லி வெச்சிருக்கான். அவ முன்னாடி போய் நிக்கணும். அவ என் மூஞ்சியைப் பாக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

வழியில் ஒரு காபிக் கடையில் ஒதுங்கினார்கள். தோவேதான் காசு கொடுத்தாள். மாரித் கழிவறைக்குப் போய்விட்டு வந்தபோது, தோவே கதவருகிலேயே சாய்ந்து நின்றிருந்தாள்.

"என்னை ஓரடிகூடத் தனியா விடமாட்டியா?"

"விட்டா உனக்கு மறுபடியும் வயிறு வலிக்கும்."

தோவேயின் போன் ஒலித்தது. "ஆமா, பக்கத்துலதான் இருக்கா. ஆமா, ஆறு மணி ரயில்தான்" என்று சொல்லி வைத்தாள்.

"வீட்ல தேடுறாங்களா?" என்று கண்ணைச் சிமிட்டினாள் மாரித்.

"தேடாம? உன்னை மாதிரி சூப் வைக்க அங்க வேற யாரு இருக்கா?"

பள்ளிக்கூட வாசலை அடைந்தபோது மாரித்தின் நடை குறைந்தது. தோவேயும் நடையைக் குறைத்தாள். மாரித் ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டாள். பிறகு கேட்டைத் தள்ளிக்கொண்டு தோவேக்கு முன்னால் உள்ளே போனாள்.

நுழைவறையில் எல்லோரும் பூட்ஸைக் கழற்றிச் சுவரோரமாக வைத்துக்கொண்டிருந்தார்கள். மாரித்தும் கழற்றினாள். இடது காலுறையிலிருந்து கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.

"ஐயோ, மகளைப் பாக்க விரலுக்குத்தான் எவ்வளவு அவசரம்!" என்றாள் தோவே.

"சிரிக்காதே. தீரில் இதைப் பாத்தா என்ன நெனப்பா?"

தோவே பெஞ்சில் உட்கார்ந்து, தன் கம்பளிக் காலுறைகளை உருவி நீட்டினாள். "பிடி. மாத்திக்கோ. என் விரலை யாரும் பாக்கப் போறதில்லை."

மாரித் மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டாள். அவை இன்னும் சூடாக இருந்தன.

கூடத்தில் கடைசி வரிசை காலியாக இருந்தது. "இங்கயே உட்காரலாம். கதவும் பக்கம்" என்றாள் தோவே.

"கதவைப் பாக்கவா வந்தேன்? நான் முன்னாடிதான் உட்காருவேன்."

"மாரித்..."

"நீ வேணா என்னை ஒட்டியே உட்காரு. ஆனா முன்னாடிதான்."

தோவே கதவைப் பார்த்தாள், மாரித்தைப் பார்த்தாள், தோளைக் குலுக்கிவிட்டுப் பின்னாலேயே நடந்தாள்.

விளக்குகள் அணைந்தன. இருட்டில் முதலில் பாட்டுதான் வந்தது. பிறகு சின்னச் சின்ன வெளிச்சங்கள் வரிசையாக வந்தன. ஐந்தாவது வெளிச்சம் தீரில். உயரமாகிவிட்டாள். முன்பல் ஒன்றைக் காணோம். தலையில் ஜிகினா ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. பாட்டின் நடுவில் அவள் கண் முன்வரிசையைத் தடவி, மாரித்திடம் வந்து நின்றது. வாய் பாட மறந்தது. பக்கத்துச் சிறுமி முழங்கையால் இடித்தபின்தான் மறுபடி அசைந்தது.

"பாத்துட்டா" என்றாள் மாரித்.

"பாத்தா. நானும் பாத்தேன்" என்றாள் தோவே. அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

பாட்டு முடிந்ததும், பிள்ளைகள் குங்குமப்பூ ரொட்டித் தட்டுகளோடு கூட்டத்துக்குள் இறங்கினார்கள். மற்றவர்கள் வரிசைப்படி கொடுத்தார்கள். தீரில் மட்டும் யாருக்கும் கொடுக்காமல் நேராக இவர்களை நோக்கி வந்தாள். தட்டில் ரொட்டிகள் சறுக்கின.

மாரித் எழுந்தாள். குனிந்து தோவேயின் கையை இறுகப் பிடித்தாள்.

"நான் ஜெயில்ல இருக்கேன்னு ஒரு நாள் என் வாயாலயே அவகிட்ட சொல்லிடுவேன், தோவே. சத்தியமா சொல்லுவேன். ஆனா இன்னிக்கு அவ உன்னைக் காட்டி யாருன்னு கேட்டா, ஜெயில் காவல் அதிகாரின்னு சொல்லாம, அம்மாவோட தோழின்னு சொல்லுவியா?"