புதுப் புத்தகத்தின் முதல் பிளாஸ்திரி

ஆடிட்டர் தில்லைநாயகியின் அலமாரிக்குப் புதிதாக அச்சான வருமான வரிச் சட்டப் புத்தகம் ஒன்று வந்தது. பக்கத்தில் பழைய பதிப்பு சாய்ந்திருந்தது. சட்டம் மாறும்போதெல்லாம் மாறிய இடத்தில் துண்டுத்தாள் ஒட்டி ஒட்டி அதன் வயிறு உப்பிப்போயிருந்தது.

"என்னக்கா, உடம்பெல்லாம் இத்தனை பிளாஸ்திரி?" என்று சிரித்தது புதுசு. "எனக்கு இதெல்லாம் தேவைப்படாது. என்னைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்காங்க."

"என்னையும் பார்த்துப் பார்த்துத்தான் எழுதினாங்க கண்ணு," என்றது பழசு.

அடுத்த பட்ஜெட்டில் டெல்லியில் சட்டத்தைத் திருத்தினார்கள். தில்லைநாயகி பசை பாட்டிலும் ஒரு துண்டுத்தாளுமாக வந்து புதுசைப் பிரித்தார். புதுசு பழசைக் கூப்பிட்டது.

"அக்கா, நான் கெட்டுப்போயிட்டேனா? என்னைத் தூக்கிப் போட்டுடுவாங்களா?"

"மாட்டாங்க. கொஞ்சம் சில்லுன்னு இருக்கும், அவ்வளவுதான். என்ன ஒட்டுறாங்கன்னு படிச்சுப் பாரு."

புதுசு படித்தது. நடக்க முடியாத பிள்ளைக்குச் சக்கர நாற்காலி வாங்கும் பெற்றோர், அதற்குச் செலவழித்த தொகைக்கு இனி வருமான வரி கட்ட வேண்டாம் என்று இருந்தது.

"இவங்க நினைப்பே எனக்கு வரலையேக்கா," என்றது புதுசு.

பசை காய்ந்த பிறகு மெல்லக் கேட்டது:

"அடுத்த பட்ஜெட் எப்போக்கா வரும்?"