எதிரி இழப்பு: இருவர்

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவன் காதில் விழுந்துவிட்டது.

"தன் உயிரைத் துச்சமென மதித்து, நேருக்கு நேர் நின்று, எதிரிகள் இருவரைச் சுட்டு வீழ்த்தி..."

பந்தலுக்குக் கீழே ஏகாம்பரம் சொல்லிக்கொண்டிருந்தார். செத்துப்போன சிப்பாய் குபேந்திரனின் அப்பா. கையில் காகிதம் இல்லை. மகனின் பதக்கத்தோடு வந்த பாராட்டுரை முழுவதும் அவருக்கு மனப்பாடம்.

அவனுக்கும் மனப்பாடம்தான். எழுதியவனே அவன்தானே.

குபேந்திரன் இருந்த படைப்பிரிவில் அவன் கிளார்க். போன மாதம்தான் ஓய்வு பெற்றான். இன்று நாலாம் வருஷ நினைவு நாள் என்று தெரிந்ததும் பஸ் ஏறிவிட்டான். எதற்குப் போகிறோம் என்று ஆற்காடு தாண்டிய பிறகுதான் யோசித்தான்.

முதலில் அவன் எழுதியது வேறு.

குபேந்திரன் அடிபட்டுக் கிடந்தவர்களைத் தூக்கிவரப் போனான். சரமாரியாகச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். திரும்பிப் போய் இன்னொருவனைக் கொண்டுவந்தான். மூன்றாம் முறை போனவன் வரவில்லை. துப்பாக்கி முதுகிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு தோட்டாகூடக் குறையவில்லை.

அந்தத் தாள் மேலிடத்திலிருந்து திரும்பி வந்தது. 'எதிரி இழப்பு' என்ற கட்டத்தைச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம்.

வெறும் கட்டத்துக்கு எவன் பதக்கம் கொடுப்பான்?

'இருவர்' என்று நிரப்பினான். தூக்கிவந்த இரண்டு பேரை எடுத்துவிட்டு, சுட்டுக் கொன்ற இரண்டு பேரை வைத்தான். உடல்களை எதிரிகள் இழுத்துக்கொண்டு போய்விட்டதாக ஒரு வரி சேர்த்தான். வீட்டுக்கு அனுப்பத் தமிழிலும் அவனே எழுதினான். பையனுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தான். சத்தியமாக அப்படித்தான் நினைத்தான்.

உள்ளே குபேந்திரனின் அம்மா நவநீதம் படையல் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் திறந்ததும் குரலை வைத்தே கண்டுகொண்டாள்.

"பென்ஷன் பேப்பருக்குப் போன்ல பேசனது நீங்கதான சார்? வாங்க, வாங்க."

மகன் படத்துக்கு முன்னால் மூன்று இலை.

நடு இலையில் சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த இலைகளில் சப்பாத்தியும் உருளைக்கிழங்கும்.

அந்த வீட்டில் வேறு சாவு விழுந்ததாக அவனுக்குத் தெரியாது. யாருக்கு என்று கேட்டான்.

"எம்புள்ள சுட்டுட்டான் இல்ல சார், ரெண்டு பேரு. அதுங்களுக்கு."



"அந்தப் பக்கத்துல ரொட்டிதான் துன்னுவாங்கன்னு சொல்லிக்கினு இருப்பான். கறி ஆவுமோ ஆவாதோ, நான் யாரைப் போயி கேக்கறது? கோழி அறுத்தாலே கொல்லைக்கு ஓடிப் போயிடுவான் சார். அவன் கையால ரெண்டு உசுரு போச்சேன்னு நெனச்சா எனக்குச் சோறு எறங்கல. அதுங்களைப் பெத்தவளும் எங்கனா ஒரு மூலையில குந்திக்கினு அழுவா இல்ல?"

அடப்பாவி, என்று அவன் தன்னையே திட்டிக்கொண்டான். பிறக்கவே பிறக்காத இரண்டு பேருக்கு ஒருத்தி நாலு வருஷமாகச் சப்பாத்தி சுட்டிருக்கிறாள்.

சொல்லிவிட்டான். பந்தல் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

"அவன் தூக்கினு வந்த ரெண்டு பேரும் உயிரோட இருக்காங்கம்மா. ஒருத்தனுக்கு இப்பத்தான் பொண்ணு பொறந்திருக்கு."

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்போ எம்புள்ள யாரையும் கொல்லல."

"இல்லம்மா."

"படத்து மேல கை வெச்சுச் சொல்லு."

வைத்துச் சொன்னான்.

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷமாக யாரும் அழுது அவன் பார்த்ததில்லை. அழுகை நிற்பதற்குள்ளேயே குனிந்து ஓரத்து இலைகளை மடிக்கத் தொடங்கினாள்.

வெளியே யாரோ புதிதாக வந்தார்கள் போல. ஏகாம்பரம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அவள் கை நின்றது.

"ஐயாகிட்ட நானே சொல்லிடட்டுமாம்மா?"

அவள் பந்தல் பக்கம் காது கொடுத்துக் கேட்டாள். 'இருவரை' என்ற இடம் வந்ததும் கிழவர் குரலை உயர்த்தினார்.

"வாணாம் சார். அது ஒண்ணுலதான் அந்த மனுசன் நடமாடிக்கினு கீறாரு."

மடித்த இலைகளை விரித்து நீவிவிட்டாள். குறைந்தால் ஏன் என்று கேட்பார். கற்பூரம் ஏற்றினாள். எல்லோரும் வந்து விழுந்து கும்பிட்டார்கள்.

படைத்ததும் மகன் இலையில் அப்பா உட்காருவது வழக்கம். மற்ற இரண்டும் மாட்டுக்குப் போய்விடும். அவற்றை வீட்டில் ஒருவரும் தொட மாட்டார்கள்.

அவள் மாட்டுக்கு எடுக்கவில்லை. அவனைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"உக்காருங்க சார்."

ஏகாம்பரம் பதறிவிட்டார். "ஏம்மே, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? விருந்தாளியைப் போயி அந்த எலையில உக்கார வெக்கிற?"

"அவரு சாப்புடுவாரு," என்றாள்.

அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சப்பாத்தி ஆறி விறைத்திருந்தது. தண்ணீர் குடித்துக் குடித்து இறக்கினான். பக்கத்தில் ஏகாம்பரம் கருவாட்டுக் குழம்பைப் பிசைந்துகொண்டே மகனின் வீரத்தைச் சொன்னார். அவன் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான்.

ஒருவழியாக இலை காலியானது. எழுந்திருக்கக் கையை ஊன்றினான்.

அவள் அடுத்த இலையை இழுத்து அவன் முன்னால் வைத்தாள்.